பயப்படாதீங்கன்னு சொன்னா பயம் போயிடுமா?

இந்த வாரம் பயிர், மழை பத்தி எழுதலை. பிள்ளையை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாவைப் பத்தி எழுதப் போறேன். ரொம்ப நாளா மனசுல இருக்கிற விஷயம்.

பெரியவங்களுக்கு ஆபரேஷன்னா நோவு அவங்களுக்கு, முடிவும் அவங்களோடது. குழந்தைக்குன்னா அப்படி இல்லை. நோவு அதுக்கு, கையெழுத்து நமக்கு. அந்தக் கையெழுத்து போடும்போது எவ்வளவு தைரியசாலிக்கும் விரல் நடுங்கும். அந்த நேரத்துல சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தைதான்: "பயப்படாதீங்க." சொந்தக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க, வார்டு பாயும் அதையேதான் சொல்றாரு. டாக்டரும் நடந்துகிட்டே அதையேதான் சொல்லிட்டுப் போறாரு.

என் கருத்து என்னன்னா, அந்த வார்த்தையால பத்து பைசா பிரயோஜனம் இல்லை. அப்பா அம்மாவுக்கு வேண்டியது தகவல். எத்தனை மணிக்கு என்ன நடக்கும், ஏன் அப்படி, அந்த நேரத்துல நான் என்ன செய்யணும். இந்த மூணும் தெரிஞ்சா பயம் முழுசா போகாது, ஆனா தாங்கற அளவுக்கு வந்துடும்.

எங்க ஊர் ஏரியை வெச்சே சொல்றேன். சென்னையில இருக்கிற உங்கள்ல பல பேர் குடிக்கிறது இந்தத் தண்ணிதான். 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி 29,000 கன அடி திறந்ததை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. அன்னிக்கு ராத்திரி தண்ணி வர்றது தெரியாம அடையாத்தங்கரையில தூங்கிட்டிருந்த ஜனங்க எத்தனையோ பேர். இப்போ அப்படி இல்லை. ஏரி நிறைய ஆரம்பிச்சாலே இன்னிக்கு இத்தனை மணிக்கு இத்தனை கன அடி திறக்கறோம், சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் ஆத்தோரம் இருக்கிறவங்க மேட்டுக்குப் போங்கன்னு முன்கூட்டியே சொல்லிடறாங்க. ஏரி அதே ஏரிதான், மழையும் அதே மழைதான். ஆனா மணியும் அளவும் தெரிஞ்சதால ஜனங்க மாட்டை அவிழ்த்துக் கட்டிட்டு, ரேஷன் கார்டை எடுத்து வெச்சுகிட்டு நிதானமா இருக்காங்க. செய்யறதுக்கு ஒரு வேலை இருந்தா பயம் அடங்கும்.

இது ஏன் இப்போ எங்க பக்கம் பெரிய விஷயமா இருக்குன்னு சொல்றேன். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் கம்பெனிகள்ல வேலை செய்யற சின்ன வயசுக் குடும்பங்கள் சுத்துப்பட்டு கிராமங்கள் எல்லாத்துலயும் குடியிருக்காங்க. திருவண்ணாமலை, விழுப்புரம், தென்மாவட்டம், ஒடிசா, பீகார்னு எங்கிருந்தெல்லாமோ வந்திருக்காங்க. ஒத்தை ரூம் வீடு, கையில ஒரு பிள்ளை. சொந்த ஊரா இருந்தா பாட்டி, அத்தை, பெரியம்மான்னு பத்து பேர் கூட நிப்பாங்க. இங்க பக்கத்து ரூம்ல இருக்கிறவரும் நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கிட்டிருப்பாரு. யாரைக் கேக்கறது?

எங்க தெருவுல குடியிருக்கிற ஒரு தம்பி, ஒரகடத்துல காண்ட்ராக்ட் வேலை. மூணு வயசுப் பையனுக்குக் குடலிறக்கம். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்க. "காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க"ன்னு ஒரே வரிதான் சொல்லியிருக்காங்க. ஏன்னு சொல்லலை. ஊர்ல இருந்து துணைக்கு வந்திருந்த பாட்டிக்கு மனசு கேக்கலை. புள்ளை அழுவுதேன்னு விடியக்காலையில அரை டம்ளர் பால் கொடுத்துட்டாங்க. அங்க போனதும் விசாரிச்சாங்க, பாட்டி மறைக்காம சொல்லிட்டாங்க. ஆபரேஷன் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு. அந்தத் தம்பிக்கு ரெண்டு நாள் சம்பளம் போச்சு, மாசக் கடைசியில வர்ற அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. குடலிறக்கத்துல குடல் மாட்டிக்கிட்டா அவசர ஆபரேஷனா மாறிடும். மூணு வாரம் தள்ளிப் போறது சாதாரணம் இல்லை.

தப்பு பாட்டி மேலன்னு நான் சொல்ல மாட்டேன். பசியில அழற குழந்தைக்குப் பால் கொடுக்கறது தப்புன்னு எந்தப் பாட்டிக்குத் தோணும்? காரணம் சொல்லியிருந்தா அவங்களே காவல் காத்திருப்பாங்க.

காரணம் இதுதான். என் தங்கச்சி மக ஒரு ஆஸ்பத்திரியில தியேட்டர் நர்ஸா இருக்கா, அவ விளக்கினது. மயக்க மருந்து கொடுத்தா உடம்பு மட்டும் இல்லை, தொண்டையில இருக்கிற காவலும் தூங்கிடும். சாதாரணமா ஒரு பருக்கை மூச்சுக்குழாய்க்குள்ள போனாலே நாம இருமித் தள்ளிடுவோம் இல்லையா, மயக்கத்துல அது நடக்காது. வயித்துல இருக்கிறது மேல ஏறி வந்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும், அது உயிருக்கே ஆபத்து. பொதுவா பல நாடுகள்ல வெச்சிருக்கிற கணக்கு: சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடி நிறுத்தணும், எண்ணெய்ப் பலகாரம்னா இன்னும் முன்னாடி. பசும்பால், பவுடர் பால் 6 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணி 2 மணி நேரம். உங்க டாக்டர் வேற நேரம் சொன்னா அதுதான் சட்டம்.

"பால்தானே, தண்ணி மாதிரிதானே இருக்குது"ன்னு நிறைய பேர் கேப்பாங்க. மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். பால் வயித்துக்குள்ள போனதும் திரிஞ்சு கட்டியா ஆயிடும். கன்னுக்குட்டி கக்கினதைப் பார்த்திருந்தா தெரியும். அது கரைஞ்சு இறங்க நேரம் ஆவும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. சளி, இருமல், காய்ச்சல் இருந்தா மறைக்கக் கூடாது. லீவு போட்டாச்சு, ஊர்ல இருந்து ஆள் வந்தாச்சு, சொன்னா தேதியைத் தள்ளிடுவாங்கன்னு மறைக்கறவங்க உண்டு. சளி பிடிச்ச குழந்தைக்கு மயக்கத்துல மூச்சுக்குழாய் சுருங்கற ஆபத்து அதிகம். தள்ளிப் போடறது குழந்தைக்காகத்தான்.

அப்புறம் கதவு சாத்தினதும் உள்ள என்ன நடக்குது? வெளியே இருக்கிறவங்களைக் கொல்றது இந்தக் கேள்விதான். ஆபரேஷன் பண்ற டாக்டரே ஒரு ஊசியைப் போட்டுட்டு வேலையைப் பார்ப்பாருன்னு பல பேர் நினைச்சிட்டிருக்காங்க. இல்லை. மயக்க மருந்துக்குன்னே தனி டாக்டர் உண்டு. குழந்தையோட எடைக்குத் தக்கபடி மருந்தை அளந்து கொடுத்து, ஆபரேஷன் முடியற வரைக்கும் தலைமாட்டுலயே இருந்து மூச்சு, நாடித்துடிப்பு, ரத்தத்துல ஆக்சிஜன் எல்லாத்தையும் பார்த்துகிட்டே இருக்கறதுதான் அவர் வேலை. முதல்ல ஒரு மாஸ்க் வெச்சு மூச்சு இழுக்கச் சொல்லுவாங்க, இல்லைன்னா கையில ஊசி. மயக்கம் ஏறும்போது சில குழந்தைங்க கண்ணு மேல சொருகும், கை கால் உதறும், குறட்டை மாதிரி சத்தம் வரும். வழக்கமா நடக்கறதுதான்.

முழிக்கும்போது நடக்கறது இன்னும் முக்கியம். ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக் குழந்தைங்க சில பேர் மயக்கம் தெளியும்போது பயங்கரமா கத்துவாங்க, புரளுவாங்க, அம்மாவையே அடையாளம் தெரியாத மாதிரி தள்ளிவிடுவாங்க. பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்துல தானா அடங்கிடும். குழந்தைக்கும் பின்னாடி ஞாபகம் இருக்காது. முன்னாடியே சொல்லி வெச்சா அம்மா "சரி, சொன்னாங்களே"ன்னு மடியில போட்டுத் தட்டிக் கொடுப்பாங்க. சொல்லலைன்னா, "ஐயோ, என் புள்ள மூளைக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு அந்த அரை மணி நேரத்துல செத்துப் பிழைப்பாங்க.

எங்க தெரு தம்பிக்கு ரெண்டாவது தேதிக்கு முந்தின நாள் ராத்திரி இந்த விஷயம் எல்லாத்தையும் தங்கச்சி மக போன்ல சொன்னா. பத்து நிமிஷம்கூட ஆகலை. பாட்டியையும் ஸ்பீக்கர்ல உட்கார வெச்சு கேக்கச் சொன்னா. மறுநாள் விடியக்காலையில டம்ளரை எல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சது அந்தப் பாட்டிதான். பையன் தெளியும்போது கத்தினானாம். அவங்க அம்மா அழலை. இப்போ அவன் எங்க களத்துல கோழியைத் துரத்திட்டுத் திரியறான்.

இது ஏதோ ஒரு விவசாயி சொல்ற கதைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல இதையே சோதனை பண்ணிப் பார்த்து 2007-ல வெளியிட்டிருக்காங்க. ஆபரேஷனுக்கு வந்த 408 குழந்தைங்களை நாலு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொண்ணுல மயக்கம் கொடுக்கும்போது அப்பா அம்மா கூட இருந்தாங்க. மூணாவது பிரிவுக்கு முன்னாடியே அமைதிப்படுத்தற மருந்து. நாலாவது பிரிவுல அப்பா அம்மாவைத் தயார்ப்படுத்தினாங்க: ஒரு படம், படிக்கப் புத்தகம், வீட்டுலயே பழகிக்க ஒரு மாஸ்க், போன்ல பேசி சொல்லிக் கொடுத்தது. நாலாவது பிரிவுல ஆபரேஷனுக்குக் காத்திருக்கும்போதே பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும் பதட்டம் குறைவா இருந்துச்சு. மயக்கம் கொடுக்கற நேரத்துலயும் மருந்து கொடுத்த பிள்ளைங்க அளவுக்கே அமைதியா இருந்தாங்க. முழிக்கும்போது வர்ற கத்தலும் குறைவு. வலி மருந்தும் குறைவாத்தான் தேவைப்பட்டுச்சு, வீட்டுக்கும் சீக்கிரம் போனாங்க. சும்மா கூட நிக்க வெச்சதுல இந்தப் பலன் கிடைக்கலை. விஷயம் தெரிஞ்சு நிக்கணும்.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போடும்போது கயித்தைப் பிடிச்சிருக்கிறவன் கை நடுங்கினா மாடு உதைக்கும். அவன் நிதானமா கழுத்தைத் தடவிக்கிட்டு நின்னா மாடும் நிக்கும். குழந்தை ஊசியைப் பார்க்கறதுக்கு முன்னாடி அம்மா முகத்தைத்தான் பார்க்குது.

கூட நிக்கவே விடாத காலமும் இருந்துச்சு. இங்கிலாந்துல பெத்தவங்க குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துல மட்டும்தான் வந்து பார்க்கலாம். வந்து போனா பிள்ளை அழுவுதுன்னு காரணம் சொன்னாங்க. ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர் ரெண்டு வயசுப் பெண் குழந்தை ஒண்ணு சின்ன ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில இருந்ததை அப்படியே படம் பிடிச்சு 1952-ல காட்டினாரு. குழந்தை அடங்கி இருந்தது சமாதானம் ஆனதால இல்லை, மனசு விட்டுப் போனதாலன்னு அந்தப் படத்துல தெரிஞ்சுது. டாக்டருங்க முதல்ல கோவப்பட்டாங்க. ஆனா 1959-ல பிளாட் கமிட்டி, பெத்தவங்க எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைன்னா தாயும் கூடவே தங்கலாம்னு சிபாரிசு பண்ணுச்சு. நம்ம ஊர்ல அம்மா கூட இருக்கறது பெரும்பாலும் நடக்குது. அந்த அம்மாவுக்கு விஷயம் சொல்றதுதான் நடக்கலை.

பிள்ளைகிட்ட என்ன சொல்றதுன்னு ஒண்ணு இருக்குது. சோறு உண்ணலைன்னா "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்"னு மிரட்டாத வீடு எங்க ஊர்லயும் இல்லை, உங்க அபார்ட்மென்ட்லயும் இருக்காதுன்னு நினைக்கறேன். வருஷம் முழுக்க அப்படி மிரட்டிட்டு, ஆபரேஷன் அன்னிக்கு "டாக்டர் மாமா ரொம்ப நல்லவர்"னு சொன்னா எந்தப் பிள்ளை நம்பும்? "ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்"னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறதும் வேண்டாம். சின்னப் பிள்ளைன்னா ஓரிரு நாள் முன்னாடி, பள்ளிக்கூடம் போற பிள்ளைன்னா இன்னும் கொஞ்சம் முன்னாடி உள்ளதைச் சொல்லிடுங்க: "அங்க தூங்க வைப்பாங்க. தூங்கும்போது வலி தெரியாது. முழிச்சதும் கொஞ்சம் வலிக்கும், அதுக்கு மருந்து தருவாங்க. அம்மா இருப்பேன்."

கையெழுத்துக் காகிதத்துக்கு வர்றேன். இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல ஒரு பக்கம். எட்டாவது, பத்தாவது படிச்ச அப்பா அம்மாவுக்கு அதுல உயிருக்கு ஆபத்துங்கற ஒரு வார்த்தைதான் கண்ணுல படும். 2008-ல ஒரு டெல்லி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்குது: சிகிச்சை என்ன, எதுக்காக, என்ன நன்மை, முக்கியமான ஆபத்து என்ன, வேற வழி இருக்கா, வேண்டாம்னு சொன்னா என்ன ஆவும், இதையெல்லாம் விளக்கின பிறகு கொடுக்கற சம்மதம்தான் சம்மதம். ஆகவே "சார், தமிழ்ல ஒரு தடவை சொல்லுங்க"ன்னு கேக்கறது உரிமை. கேட்டா பிள்ளையைச் சரியா பார்க்க மாட்டாங்களோன்னு பயந்து வாயை மூடிக்கறாங்க பாருங்க, அந்தப் பயத்தைத்தான் முதல்ல போக்கணும்.

பணத்தைப் பத்தின பயத்துக்கும் தகவல்தான் மருந்து. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. மாசம் பத்தாயிரம்தான் அந்தக் கணக்கு, கம்பெனி வேலைக்குப் போறவங்க தாண்டிடுவாங்க. ஆனா 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம்னா இ.எஸ்.ஐ. இருக்குது. அது பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான். கே.கே.நகர், அயனாவரம்னு பெரிய ஆஸ்பத்திரியே உண்டு. சம்பளத்துல பிடிக்கறாங்கன்னு தெரியும், பிள்ளைக்கும் செல்லும்னு தெரியாதவங்க இருக்காங்க. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வர்ற டாக்டர் குழு இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, வளைபாதம் மாதிரி குறைகளைக் கண்டுபிடிச்சா மேல் சிகிச்சைக்கு அனுப்பற வேலையும் அவங்களோடதுதான், செலவு இல்லை. இப்படிப் போறவங்க எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வரைக்கும் போறாங்க. ஆனா "இதயத்துல ஓட்டை"ன்னு கேட்ட நாளுக்கும் பெரிய டாக்டரைப் பார்க்கற நாளுக்கும் நடுவுல அந்த வீட்டுல யாரும் தூங்கறதில்லை. அந்த நாள்கள்ல 104-க்குப் போன் பண்ணியாவது சந்தேகத்தைக் கேக்கலாம்.

எங்க பக்கத்து ஜனங்க மாங்காடு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்குவாங்க, குன்றத்தூர் முருகனுக்கு முடி இறக்கறதா நேர்ந்துக்குவாங்க. சில படிச்சவங்க இதைக் கேலி பண்றாங்க. நான் பண்ண மாட்டேன். கையைப் பிசைஞ்சுகிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எலுமிச்சம்பழத்தோட நடந்து போறது ஒரு வேலை. ஆஸ்பத்திரியும் அதே மாதிரி அவங்க கையில ஒரு வேலையைக் கொடுக்கட்டும்னுதான் கேக்கறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெத்தவங்க கேக்க வேண்டியதை இங்க எழுதி வைக்கறேன். யாருக்காவது தேவைப்பட்டா அனுப்பி வைங்க.

1. சாப்பாடு, பால், தண்ணி ஒவ்வொண்ணும் எத்தனை மணிக்கு நிறுத்தணும்?
2. வழக்கமா சாப்பிடற மாத்திரை, டானிக் கொடுக்கலாமா?
3. உள்ள போனதுல இருந்து வெளியே வர்ற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகும்? லேட் ஆனா யார் வந்து சொல்லுவாங்க?
4. மயக்கம் கொடுக்கற வரைக்கும் நான் கூட இருக்கலாமா? முழிக்கும்போது?
5. முழிச்சதும் எப்படி இருப்பான்? எதைப் பார்த்தா சிஸ்டரைக் கூப்பிடணும்?
6. வலிக்கு என்ன தருவீங்க?
7. எப்போ சாப்பிடலாம், எப்போ வீட்டுக்குப் போகலாம், வீட்டுல எதைப் பார்த்தா உடனே திரும்பி வரணும்?

டாக்டருங்களுக்கு நேரம் இல்லைங்கறது எனக்குத் தெரியும். காலையில ஓ.பி. வரிசையைப் பார்த்தா எனக்கே மலைப்பா இருக்கும். ஆனா இதுக்கு டாக்டர்தான் வேணும்னு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு சிஸ்டர், நாளைக்கு ஆபரேஷன் இருக்கிற அஞ்சாறு குடும்பத்தை ஒண்ணா உட்கார வெச்சு கால் மணி நேரம் பேசினா போதும். தமிழ்லயும் இந்தியிலயும் ஒரு பக்கத் தாள் கொடுத்தா போதும். பால் குடிச்சதால ஒரு ஆபரேஷன் நின்னு போனா தியேட்டருக்கும் அன்னிக்கு நஷ்டம்தானே.

இதைப் படிக்கிற உங்கள்ல சில பேர் இந்தக் கம்பெனிகள்ல மேனேஜரா, எச்.ஆர்.ல இருக்கீங்கன்னு தெரியும். பிள்ளைக்கு ஆபரேஷன்னு ஒருத்தர் லீவு கேட்டு வந்தா சம்பளம் பிடிக்காம ரெண்டு நாள் கொடுங்க. காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் கொடுங்க. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்க இருந்தா, அந்த ஒரு பக்கத் தாளை எழுதிக் கொடுங்க. இது ரெண்டும் இல்லாதவங்க, அடுத்த தடவை யாராவது "நாளைக்கு பாப்பாவுக்கு ஆபரேஷன்"னு சொன்னா, உங்க சித்தப்பா பையனுக்கு என்ன ஆச்சுங்கற கதையை ஆரம்பிக்காதீங்க. "எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, எதுவரைக்கும் பால் கொடுக்கலாம்னு கேட்டுகிட்டீங்களா?"ன்னு கேளுங்க. கேக்கலைன்னு சொன்னா, போனை எடுத்து அவங்களோட சேர்ந்து கேளுங்க.